முன்பணம் நம் பணமன்று



வேங்கிக்காலில் மாவட்ட ஆட்சியர் அலுவலகம் இருப்பதால் வாடகை வீடு தேடுவோர் இங்குக் குறைவதில்லை. மாற்றலாகி வரும் அரசு ஊழியர்களும், பிள்ளைகளின் படிப்புக்காகச் சுற்றுக் கிராமங்களிலிருந்து வரும் குடும்பங்களும் வந்தவண்ணம் உள்ளனர். நம்மவர்களில் பலரும் வெளிநாட்டில் உழைத்த பணத்தையோ ஓய்வூதியப் பணத்தையோ போட்டு மாடியில் ஒரு பகுதி, பின்புறத்தில் இரு பகுதிகள் எனக் கட்டி வாடகைக்கு விட்டு, தாமே நிருவகித்தும் வருகின்றனர். வாடகை ஹலாலான வருவாய், அதில் ஐயமில்லை. ஆனால் அதனுடன் சேர்ந்து நம் கைக்கு வரும் இன்னொரு தொகையைப் பற்றி நாம் பேசுவதே இல்லை. அதுதான் முன்பணம்.

மாதம் 8,000 ரூபாய் வாடகை, பத்து மாத முன்பணம் என்று வைத்துக்கொள்வோம். 80,000 ரூபாய் ஒரே நாளில் கைக்கு வருகிறது. சில மாதங்களில் அது மாடிப்படிக் கைப்பிடியாகவோ மகளின் திருமணச் செலவாகவோ மாறிவிடுகிறது. மூன்றாம் ஆண்டில் அக்குடும்பத் தலைவருக்கு மாற்றல் உத்தரவு வந்து, பணத்தைக் கேட்கிறார். “அடுத்த குடித்தனம் வந்ததும் தருகிறேன்” என்கிறோம். அவரோ புதிய ஊரில் தாம் கொடுக்க வேண்டிய முன்பணத்துக்கு நகையை அடகு வைக்கிறார். அடகுக் கடையில் அவர் கட்டும் வட்டிக்குக் காரணம் யார்?

அமானிதமாகக் கொடுக்கப்பட்ட பொருளை வைத்திருப்பவர் தம் தேவைக்குச் செலவிடலாகாது. செலவிட்டுக்கொள்ள உரியவர் இசைந்திருந்தால் அது கடனாகிவிடுகிறது என்பது மார்க்க அறிஞர் பலரின் விளக்கம். எப்படிப் பார்த்தாலும் அது நம் சொத்தன்று. கடன் என்றே கொண்டால் இன்னொரு வாசலும் திறக்கிறது: முன்பணத்தைக் கூட்டிக் கொடுத்தால் வாடகையைக் குறைப்பது, பெருந்தொகை கொடுத்தால் வாடகையே இல்லாமல் குடியிருத்துவது. இதனைப் போக்கியம் என்றும் லீஸ் என்றும் சொல்கிறோம். கடன் கொடுத்தவர் அக்கடனுக்காக அடையும் பயன் வட்டியின் பாற்பட்டது என்பதால், இம்முறை கூடாது என்றே அறிஞர்களில் பெரும்பாலோர் கூறுகின்றனர். வங்கி வட்டிக்கு அஞ்சும் நாம் போக்கியத்துக்கு அஞ்சாமலிருப்பது வியப்புக்குரியது.

சட்டமும் இவ்விடத்தில் மார்க்கத்துக்கு அருகிலேயே நிற்கிறது. 2017-ஆம் ஆண்டில் இயற்றப்பட்டு 2019 பிப்ரவரி 22 முதல் நடைமுறைக்கு வந்த தமிழ்நாடு வாடகைச் சட்டத்தின்படி, இரு தரப்பும் வேறு விதமாக ஒப்புக்கொள்ளாத வரையில், முன்பணம் மூன்று மாத வாடகையைத் தாண்டக் கூடாது. வீட்டைக் காலி செய்த ஒரு மாதத்துக்குள், உரிய கழிவு போக, அதனைத் திருப்பித் தர வேண்டும். ஒப்பந்தம் எழுத்தில் இருக்க வேண்டும். வாடகை அதிகார அமைப்பிடம் பதிய வேண்டும். இச்சட்டம் நகர்ப்புறங்களுக்கானது. தம் தெரு அதன் எல்லைக்குள் வராது என்று வாதிடுவோரும் இருக்கலாம். மறுமையில் அவ்வாதம் எடுபடாது.

ஆகவே என் கருத்து இது: மூன்று மாதத்துக்கு மேல் வாங்காதீர்கள். வாங்கியதை வீட்டுச் செலவுக் கணக்கில் கலக்காமல் வட்டியில்லாத நடப்புக் கணக்கில் தனியே வையுங்கள். மூன்று மாத வாடகை என்பது 24,000 ரூபாய்தான். எடுத்துவைப்பது எளிது, திருப்பித் தருவதும் எளிது. பெருந்தொகை வாங்கினால்தான் அது கைமாறிப்போகிறது.

கழிவு விஷயத்திலும் நேர்மை வேண்டும். காலி செய்யும்போது வெள்ளையடிக்கவென ஒரு மாத வாடகையைப் பிடித்துக்கொள்வது பலரிடம் வழக்கமாகிவிட்டது. ஒப்பந்தத்தில் மாற்றி எழுதிக்கொள்ளாத வரையில், சுவர்களுக்கு வெள்ளையடிப்பதும் கதவு சன்னல்களுக்கு வண்ணம் பூசுவதும் உரிமையாளரின் பொறுப்பு என்றே அச்சட்டத்தின் அட்டவணை கூறுகிறது. குழாய், சுவிட்ச் போன்ற சிறு பழுதுகள் குடியிருப்பவரைச் சேர்ந்தவை. சாவியைக் கொடுக்கும் நாளிலேயே இருவரும் சேர்ந்து அறை அறையாகப் பார்த்து, கைப்பேசியில் படம் எடுத்து ஆளுக்கொரு பிரதி வைத்துக்கொண்டால், காலி செய்யும் நாளில் சச்சரவுக்கு இடமிராது. கடனை எழுதிவைக்கும்படி ஏவும் 2:282-ஆம் வசனமே திருக்குர்ஆனில் மிக நீண்டது என்பதை அறிந்த சமுதாயம், இதனை வாய்ச்சொல்லில் விடுவதேன்?

மின்கட்டணத்தையும் சொல்லியாக வேண்டும். வீட்டு இணைப்புக்குக் குறிப்பிட்ட அளவு மின்சாரத்தை அரசு இலவசமாகத் தருகிறது. ஒரே இணைப்பில் மூன்று குடித்தனங்களை வைத்து, யூனிட்டுக்கு இவ்வளவு என நாமே ஒரு விலை வைத்து வசூலித்து, உண்மைக் கட்டணம் போக மிச்சத்தைச் சட்டைப்பையில் போட்டுக்கொள்வது எந்த வகை வருவாய்? ஒவ்வொரு பகுதிக்கும் தனி இணைப்பு வாங்குவதே முறை. அதுவரை, வந்த கட்டணத்தைக் காட்டி, துணை மீட்டரின்படி பங்கிட்டால் போதும்.

நம் வீட்டில் குடியிருப்போரில் மிகப் பெரும்பாலோர் பிற சமயத்தவர். “நம் ஆளாக இருந்தால் உடனே கொடுத்துவிடலாம்” என்று சிலர் பேசுவதைக் கேட்கையில் மனம் வருந்துகிறது. நபி (ஸல்) அவர்கள் மக்காவை விட்டுப் புறப்பட்ட அந்த ஆபத்தான இரவில், தம்மிடம் இருந்த அமானிதங்களை உரியவர்களிடம் ஒப்படைப்பதற்காக அலீ (ரலி) அவர்களை விட்டுச் சென்றார்கள். அவற்றைக் கொடுத்துவைத்திருந்தவர்கள் நபியவர்களின் மார்க்கத்தை ஏற்காத மக்காவாசிகள். அவ்வூராரே அவர்களைக் கொல்லத் திட்டமிட்டிருந்த வேளையிலும் அமானிதம் திரும்பிச் சென்றது. பெயரைப் பார்த்து வீடு மறுக்கப்படும் வேதனையைப் பெருநகரங்களில் நம் பிள்ளைகள் அனுபவித்து வருகிறார்கள். நாம் வீடு விடும் இடத்தில் அந்த அளவுகோலை நாமே கையில் எடுக்கலாகாது.

இறுதியாக ஒன்று, இதைத்தான் பலரும் மறக்கிறோம். வீட்டு உரிமையாளர் இறந்துவிட்டால், திருப்பித் தரவேண்டிய முன்பணம் அவர் மீதுள்ள கடன். வாரிசுகள் சொத்தைப் பங்கிடுவதற்கு முன்பே அது அடைக்கப்பட வேண்டும். ஆனால் எவரிடம் எவ்வளவு வாங்கினார் என்பது மனைவிக்கும் தெரியாது, மக்களுக்கும் தெரியாது. ஒரு குறிப்பேடு வாங்குங்கள். எந்தப் பகுதி, யார், எவ்வளவு, எந்தத் தேதி என்று எழுதிக் கையொப்பமிட்டு, அது இருக்குமிடத்தை வீட்டில் இருவருக்காவது இன்றே சொல்லிவையுங்கள்.