ஆய்வுக்கட்டுரை அகற்றப்பட்டால் பதில் சொல்வது யார்? கொச்சி எழுப்பும் கேள்வி

கொச்சி: உயர்கல்வி நிறுவனங்களின் தேசியத் தரவரிசையில், திரும்பப் பெறப்பட்ட ஆய்வுக்கட்டுரைகளுக்காக மதிப்பெண்ணைக் குறைக்கும் முறை 2025ஆம் ஆண்டு நடைமுறைக்கு வந்தது. அதே ஆண்டு பிப்ரவரியில், தரமான ஆய்விதழ்களை அடையாளம் காட்ட 2018இல் உருவாக்கிய 'கேர்' பட்டியலைக் கைவிடுவதாக யுஜிசி எனப்படும் பல்கலைக்கழக மானியக் குழு அறிவித்தது. ஓர் இதழ் நம்பத்தக்கதா என்பதை இனி அந்தந்தப் பல்கலைக்கழகமே முடிவு செய்ய வேண்டும்.

இரு முடிவுகளும் ஆய்வு நெறிமுறையின் பெயரால் எடுக்கப்பட்டவை. இரண்டிலும் பொறுப்பு ஆய்வாளர் மீதும் அவர் பணியாற்றும் கல்வி நிறுவனத்தின் மீதும் விழுகிறது. கட்டுரையை ஏற்ற இதழாசிரியர், அதைப் பரிசோதித்த மதிப்பாய்வாளர், அதை விற்கும் பதிப்பகம் ஆகிய மூவரும் எதற்குப் பொறுப்பு என்ற கேள்வி பெரும்பாலும் எழுவதில்லை. அக்கேள்வியைத் தவிர்க்க இயலாமல் செய்யும் இரு நிகழ்வுகள் கொச்சியில் உண்டு. ஒன்று மூன்றரை நூற்றாண்டுகளுக்கு முந்தையது. மற்றொன்று நம் காலத்தில், ஒரு இளம்பெண்ணின் மரணத்தை ஒட்டி எழுந்தது.

பெயரிட்டுக் கையெழுத்திட்ட சான்று

கொச்சி மன்னர்களின் அரண்மனை அமைந்த மட்டாஞ்சேரி, இன்றும் மிளகு, சுக்கு, ஏலம் மணக்கும் கிடங்குகளின் ஊர். கோவாவிலிருந்து குடிபெயர்ந்த கொங்கணி மக்கள் தலைமுறை தலைமுறையாக வாழும் ஊரும் இதுவே. டச்சுக்காரர்கள் கொச்சியைத் தம் வசம் வைத்திருந்த காலத்தில், மலபார் தளபதியாக இருந்த ஹென்ட்ரிக் வான் ரீட், இப்பகுதித் தாவரங்களை ஆவணப்படுத்தும் பெரும்பணியைத் தொடங்கினார். 'ஹோர்ட்டஸ் மலபாரிகஸ்' என்ற அந்த இலத்தீன் நூல் 1678 முதல் 1693 வரை ஆம்ஸ்டர்டாமில் 12 தொகுதிகளாக வெளிவந்தது. அதில் 742 தாவரங்கள் விவரிக்கப்பட்டுள்ளன.

தகவல்களைத் தந்தவர்கள் உள்ளூர் வைத்தியர்கள். சேர்த்தலை அருகே உள்ள கடக்கரப்பள்ளியைச் சேர்ந்த ஈழவ வைத்தியர் இட்டி அச்சுதன், கொங்கணி வைத்தியர்களான ரங்க பட், விநாயக பண்டிதர், அப்பு பட் ஆகியோர் அவர்களுள் முதன்மையானவர்கள். 1675 ஏப்ரலில் இவர்கள் தம் கைப்பட எழுதித் தந்த சான்றுகள் முதல் தொகுதியில் அவரவர் எழுத்திலேயே அச்சாகியுள்ளன. மொழிபெயர்ப்பாளர் இம்மானுவல் கர்னேரோவும் தனியே ஒரு சான்று அளித்துள்ளார். மலையாளத்திலிருந்து போர்த்துகீசியத்துக்கும், அங்கிருந்து இலத்தீனுக்கும் செய்தி கைமாறிய நிலையில், இடையில் நின்றவரும் தம் பெயரை மறைக்கவில்லை. மலையாள எழுத்து அச்சில் ஏறிய தொடக்க நிகழ்வுகளில் ஒன்றாக இச்சான்றுகளை அறிஞர்கள் குறிப்பிடுகின்றனர். ஆய்வுநெறி நோக்கில் பார்த்தால் அவற்றின் சிறப்பு வேறு. யார் சொன்னது, யார் சரிபார்த்தது, யார் மொழிபெயர்த்தது என்பதை வாசகர் அறிந்துகொள்ள முடிகிறது.

இதை இன்றைய சக அறிஞர் மதிப்பாய்வுக்கு நிகராக்குவது மிகையாகும். சான்றளித்தவர்கள் சுயேச்சையான மதிப்பாய்வாளர்கள் அல்லர். அந்நிய ஆட்சியாளரின் ஏவலில் பணிபுரிந்தவர்கள். நூலும் வான் ரீடின் பெயரிலேயே உலகெங்கும் அறியப்பட்டது. வைத்தியர்களின் பங்கு விரிவாகப் பேசப்படுவதற்கு இருபதாம் நூற்றாண்டு வரை காத்திருக்க வேண்டியிருந்தது. தாவரவியலாளர் கே.எஸ். மணிலால் பல பத்தாண்டு உழைப்பில் ஆங்கிலத்தில் பெயர்த்த 12 தொகுதிகளைக் கேரளப் பல்கலைக்கழகம் 2003இல் வெளியிட்டது. மலையாளப் பதிப்பு 2008இல் வந்தது. தாவரங்களின் சொந்த நாட்டு வாசகர், அவற்றைப் பற்றிய நூலைத் தம் மொழியில் படிக்க ஏறத்தாழ 330 ஆண்டுகள் ஆயின. 2020இல் பத்மஸ்ரீ பெற்ற மணிலால், 2025 ஜனவரி 1 அன்று காலமானார்.

ஆயினும் ஒன்றை மறுக்க இயலாது. அந்தச் சான்றுகள் நூலோடு பிணைக்கப்பட்டிருந்ததால்தான், இட்டி அச்சுதனின் உரிமையைப் பின்னாளில் நிலைநாட்ட முடிந்தது. ஏடு அழிக்கப்பட்டிருந்தால் வாதிடவே வழியிருந்திருக்காது.

கொச்சியில் எழுதப்பட்டது, இன்று படிக்க இயலாதது

2019ஆம் ஆண்டு, கொச்சியைச் சேர்ந்த கல்லீரல் மருத்துவர் சிரியக் ஏபி பிலிப்ஸும் அவருடைய சக மருத்துவர்களும் எழுதிய கட்டுரை ஒன்று, 'ஜர்னல் ஆஃப் கிளினிக்கல் அண்ட் எக்ஸ்பெரிமென்டல் ஹெபடாலஜி' இதழில் வெளியானது. இது கல்லீரல் ஆய்வுக்கான இந்திய தேசியச் சங்கத்தின் இதழ். வெளியிடுவது எல்சேவியர் என்ற பன்னாட்டுப் பதிப்பகம். ஹெர்பாலைஃப் நிறுவனத்தின் உடல் எடைக் குறைப்புப் பொருள்களைச் சில வாரங்கள் உட்கொண்ட இளம்பெண் ஒருவர், கல்லீரல் செயலிழந்து, மாற்று அறுவை சிகிச்சைக்குக் காத்திருந்த நிலையில் உயிரிழந்ததை அக்கட்டுரை விவரித்தது. அதே வகைப் பொருள்களின் மாதிரிகளைப் பரிசோதித்ததில் கன உலோகங்கள் உள்ளிட்ட கலப்புகள் காணப்பட்டதாகவும் மருத்துவர்கள் தெரிவித்திருந்தனர். இம்முடிவுகளை நிறுவனம் மறுத்தது.

மறுப்பது நிறுவனத்தின் உரிமை. ஒரே நோயாளியின் விவரத்தை மட்டும் கொண்டு காரணத்தை உறுதியாக நிறுவ முடியுமா என்று கேட்பதும் நியாயமான அறிவியல் கேள்வியே. ஆனால் விவாதம் இதழின் பக்கங்களில் தீர்க்கப்படவில்லை. நிறுவனம் சட்ட நடவடிக்கை எச்சரிக்கை விடுத்ததைத் தொடர்ந்து அக்கட்டுரை அகற்றப்பட்டதாக, உலகெங்கும் திரும்பப் பெறப்படும் கட்டுரைகளைக் கண்காணிக்கும் 'ரிட்ராக்ஷன் வாட்ச்' 2020இல் செய்தி வெளியிட்டது. மருத்துவர் பிலிப்ஸ் தம் முடிவுகளில் உறுதியாக நின்றார்.

இவ்விடத்தில் ஒரு சொல் விளக்கம் தேவைப்படுகிறது. செய்தி அறைகளில் 'ரிட்ராக்ஷன்', 'ரிமூவல்' ஆகிய இரண்டையும் 'நீக்கம்' என்ற ஒரே சொல்லால் பெயர்த்துவிடுவது வழக்கம். இரண்டும் வேறு. திரும்பப் பெறப்படும் கட்டுரையின் ஒவ்வொரு பக்கத்திலும் 'திரும்பப் பெறப்பட்டது' என்ற முத்திரை விழும். காரணம் தெரிவிக்கும் அறிவிப்பு இணைக்கப்படும். மூலப் பாடம் அப்படியே இருக்கும். பிழை எங்கே நேர்ந்தது என்பதை வாசகர் தாமே பார்த்துக்கொள்ளலாம். அகற்றப்படும் கட்டுரையில் தலைப்பும் எழுதியோர் பெயரும் மட்டுமே எஞ்சும். எல்சேவியரின் கொள்கைப்படி அவதூறு, பிறர் உரிமை மீறல், நீதிமன்ற ஆணை அல்லது அத்தகைய ஆணை வரக்கூடும் என்ற நியாயமான எதிர்பார்ப்பு, படிப்பவர் பின்பற்றினால் உடல்நலத்துக்குக் கடும் ஆபத்து ஆகிய அரிய சூழல்களுக்கே இந்த வழி ஒதுக்கப்பட்டுள்ளது.

'ஆணை வரக்கூடும் என்ற எதிர்பார்ப்பு' என்ற பகுதியைக் கவனிக்க வேண்டும். நீதிமன்றம் எதுவும் சொல்லாத நிலையிலும், வழக்கு வரும் என்ற அச்சம் ஒன்றே ஒரு கட்டுரையை அகற்றப் போதுமானதாகிவிடக்கூடும். பொருள் வலிமை மிக்க தரப்பு ஒருபுறம், சந்தாவும் கௌரவப் பணியும் கொண்டு இயங்கும் மருத்துவச் சங்க இதழ் மறுபுறம் என்றால், அச்சம் எப்பக்கம் சாயும் என்பதைச் சொல்ல வேண்டியதில்லை.

அக்கட்டுரையின் தரவுகள் போதாதவை என்றே வைத்துக்கொண்டாலும், செய்ய வேண்டியது வேறாக இருந்தது. போதாமையை விளக்கி அறிவிப்பு வெளியிட்டு, பாடத்தை வாசகர் பார்வைக்கு விட்டிருக்கலாம். நிறுவனத்தின் மறுப்பைப் பக்கத்திலேயே அச்சிட்டிருக்கலாம். சுயேச்சையான நிபுணர்களிடம் மறுமதிப்பாய்வு கோரி, அவர்கள் கருத்தை வெளியிட்டிருக்கலாம். பிரிட்டனில் 1997இல் தொடங்கப்பட்ட, கோப் என்று அழைக்கப்படும் பதிப்பு நெறிமுறைக் குழுவின் வழிகாட்டுதல்களும் யார் திரும்பப் பெறுகிறார்கள், ஏன் திரும்பப் பெறுகிறார்கள் என்பதை எவரும் கட்டணமின்றிப் படிக்கும்படி தெரிவிக்கவே வலியுறுத்துகின்றன. இன்று அதே பொருள்களை வாங்கும் ஒருவரோ, அதே அறிகுறிகளுடன் வரும் நோயாளியைப் பார்க்கும் மருத்துவரோ, அந்த மரணத்தின் விவரங்களை இதழில் தேடினால் கிடைப்பது தலைப்பு மட்டுமே.

சீந்தில் விவாதம் சென்ற வழி

இப்படித்தான் முடிந்தாக வேண்டும் என்பதில்லை. இதே இதழில் 2021இல் மும்பை மருத்துவர்கள் எழுதிய கட்டுரை ஒன்று, கொரோனா காலத்தில் நோய் எதிர்ப்புக்காக சீந்தில் கொடிச் சாற்றை உட்கொண்ட 6 பேருக்குக் கல்லீரல் பாதிப்பு ஏற்பட்டதாகத் தெரிவித்தது. மத்திய ஆயுஷ் அமைச்சகம் அது தவறாக வழிநடத்தக் கூடியது என்று கடுமையாக எதிர்வினையாற்றியது. மருத்துவர்கள் பின்வாங்கவில்லை. அடுத்த ஆண்டே, நாட்டின் 13 மையங்களில் 43 நோயாளிகளின் விவரங்களைத் தொகுத்த விரிவான ஆய்வு மற்றொரு பன்னாட்டு இதழில் வெளியானது. கொச்சி மருத்துவர் பிலிப்ஸும் அதில் பங்கேற்றார். மறுப்புக்கு விடையாக மேலும் தரவுகள் வந்தன. சீந்திலை நம்புவோரும் ஐயுறுவோரும் இரு கட்டுரைகளையும் இன்று படித்துப் பார்க்கலாம்.

மதிப்பாய்வாளரைக் குறை சொல்லுமுன்

ஆய்விதழ்களின் பிழைகளுக்கு வழக்கமாக மதிப்பாய்வாளர்களே குற்றம் சாட்டப்படுகின்றனர். அவர்கள் பெரும்பாலும் ஊதியமின்றி, தம் பணிக்கு இடையே, பெயர் தெரியாமல் இதைச் செய்கின்றனர். அலட்சியமும் தன்னல முரணும் இல்லாமல் இல்லை. போட்டியாளரின் கட்டுரையை வேண்டுமென்றே தாமதப்படுத்துவது, தம் கட்டுரைகளை மேற்கோள் காட்டுமாறு நிர்ப்பந்திப்பது போன்ற புகார்கள் எல்லாத் துறையிலும் உண்டு. எனினும் அண்மைக் காலத்தின் பெரும் சரிவுகள் தனிமனிதர்களின் அலட்சியத்தால் நேர்ந்தவை அல்ல. வைலி குழுமத்தின் ஹிந்தாவி இதழ்களிலிருந்து 2023ஆம் ஆண்டில் மட்டும் 8,000க்கும் மேற்பட்ட கட்டுரைகள் திரும்பப் பெறப்பட்டன. சிறப்பிதழ்களில் மதிப்பாய்வு நடைமுறையே திட்டமிட்டுச் சிதைக்கப்பட்டது தெரியவந்ததே காரணம். ஹைதராபாத்தைச் சேர்ந்த ஓமிக்ஸ் நிறுவனம், மதிப்பாய்வு குறித்து ஆய்வாளர்களை ஏமாற்றியதாக அமெரிக்க வர்த்தக ஆணையம் தொடுத்த வழக்கில், 2019இல் 5 கோடி டாலருக்கும் மேல் செலுத்துமாறு உத்தரவிடப்பட்டது.

யுஜிசியின் அனுபவமும் இதையே சொல்கிறது. 2018 மே மாதத்தில் தன் பழைய பட்டியலிலிருந்து 4,305 இதழ்களை நீக்கிய பின்னரே 'கேர்' பட்டியல் உருவானது. பட்டியலில் இருந்த இதழ்களின் பெயரிலேயே போலி இணையதளங்கள் முளைத்ததால் அதுவும் காப்பாற்றவில்லை. முனைவர் பட்ட ஆய்வேட்டைச் சமர்ப்பிக்கும் முன் கட்டுரை வெளியிட வேண்டும் என்ற கட்டாயத்தை 2022 விதிமுறைகள் நீக்கியது பயனுள்ள மாற்றம்; போலி இதழ்களின் சந்தைக்கு எரிபொருளாக இருந்தது அந்தக் கட்டாயம்தான். முனைவர் பட்ட மாணவர்களுக்கு ஆய்வு மற்றும் பதிப்பு நெறிமுறை குறித்த பாடமும் இப்போது உண்டு. மாணவருக்குப் பாடம் இருக்கிறது, பதிப்பகத்துக்கு?

தரவரிசையில் மதிப்பெண் குறைப்பு முறையின் இடர்ப்பாடும் இங்கேதான் உள்ளது. கருத்துத் திருட்டால் திரும்பப் பெறப்பட்ட கட்டுரையும், தம் பிழையைத் தாமே கண்டறிந்து நேர்மையாகத் திரும்பப் பெற்ற கட்டுரையும், வழக்கு அச்சத்தால் அகற்றப்பட்ட கட்டுரையும் ஒரே தட்டில் எண்ணப்பட்டால், நேர்மையாளருக்கே முதல் அடி விழும். பிழையை ஒப்புக்கொள்ள முன்வரும் ஆய்வாளரைத் தடுக்கும் முதல் ஆள் அவருடைய கல்லூரி முதல்வராகவே இருப்பார். எண்ணிக்கையை எடுப்பதற்கு முன் காரணத்தைப் பிரித்துப் பார்ப்பது கடினமான வேலை அல்ல. அறிவிப்புகள் தெளிவாக எழுதப்பட்டிருந்தால்.

அந்தத் தெளிவைக் கோரும் வலிமை இப்போது இந்திய அரசிடம் இருக்கிறது. 'ஒரே நாடு ஒரே சந்தா' திட்டத்துக்கு மத்திய அமைச்சரவை 2024 நவம்பர் 25 அன்று ஒப்புதல் அளித்தது. எல்சேவியர் உள்பட 30 பன்னாட்டுப் பதிப்பகங்களின் ஏறத்தாழ 13,000 இதழ்களை 6,300க்கும் மேற்பட்ட அரசுக் கல்வி, ஆய்வு நிறுவனங்கள் படிக்க, 2025, 2026, 2027 ஆகிய மூன்று ஆண்டுகளுக்கு 6,000 கோடி ரூபாய் ஒதுக்கப்பட்டுள்ளது. விலை பேசும் மேசையில் அமர்ந்த வாடிக்கையாளர், விலையை மட்டுமே பேச வேண்டியதில்லை. சட்ட எச்சரிக்கையால் ஒரு கட்டுரை அகற்றப்படும்போது எச்சரித்தவர் யார் என்பதை அறிவிக்க வேண்டும், கட்டுரையாளர்களின் மறுமொழியை இணைக்க வேண்டும், மூலப் பாடத்தின் படி ஒன்று நாட்டின் பொது நூலகம் ஒன்றில் ஆய்வாளர் பார்வைக்கு இருக்க வேண்டும் என்ற நிபந்தனைகளை ஒப்பந்தத்தில் சேர்க்கலாம். மதிப்பாய்வு அறிக்கைகளை வெளியிடுவதும் புதுமையான கோரிக்கை அன்று. மருத்துவ இதழான பிஎம்ஜே 1999 முதல் மதிப்பாய்வாளரின் பெயரைக் கட்டுரையாளருக்குத் தெரிவித்து வருகிறது. 'நேச்சர்' இதழ் 2025 ஜூன் முதல் புதிய கட்டுரைகளின் மதிப்பாய்வுக் கோப்புகளையும் உடன் வெளியிடத் தொடங்கியது.

தற்போதைய ஒதுக்கீடு 2027 டிசம்பருடன் முடிகிறது. அடுத்த ஒப்பந்தத்தின் வரைவு அதற்கு முன்பே தயாராக வேண்டும். கொச்சி மருத்துவர்களின் கட்டுரை இருந்த பக்கத்தில் பாடம் இன்னும் திரும்பவில்லை.