இமாமின் பெயரில் வரும் மின்னஞ்சல்

இரத்தினபுரியில் தெரிந்த தரகர் கொண்டுவந்தார் என்பதற்காக எந்த வியாபாரியும் கல்லைப் பார்க்காமல் காசு கொடுப்பதில்லை. வெளிச்சத்தில் பிடித்துப் பார்ப்போம், லென்ஸ் வைத்துப் பார்ப்போம். தரகரும் கோபிப்பதில்லை. இந்த நிதானம் பள்ளிவாசல் விடயத்தில் நம்மிடம் இல்லை. இமாமின் பெயரைக் கண்டதும் மறுபேச்சின்றிக் கொடுத்துவிடுகிறோம். மோசடிக்காரர்கள் நம்பியிருப்பது இந்த மரியாதையைத்தான்.

2019இல் அமெரிக்காவின் ஒஹாயோ மாநிலத்திலுள்ள புனித அம்புரோஸ் கத்தோலிக்க தேவாலயத்தில் திருத்த வேலை நடந்தது. மின்னஞ்சல் கணக்கினுள் புகுந்த திருடர்கள், ஒப்பந்தக்காரரின் வங்கிக் கணக்கு மாறிவிட்டதாக நம்பவைத்தார்கள். பதினேழரை இலட்சம் டொலர் பறிபோனது. இரண்டு மாதமாகப் பணம் வரவில்லையே என்று ஒப்பந்தக்காரர் கேட்ட பிறகே விடயம் தெரியவந்தது. போதகர்களின் பெயரில் மின்னஞ்சல் அனுப்பி, பரிசு அட்டை வாங்கி அதன் இலக்கத்தைத் தரும்படி கேட்கும் மோசடி பற்றியும் அதே ஆண்டில் அந்நாட்டு வர்த்தக ஆணைக்குழு எச்சரித்தது.

தூர தேசத்துக் கதை என்று இருந்துவிட முடியாது. 2016இல் பங்களாதேஷ் மத்திய வங்கியின் பணத்தைத் திருடியவர்கள், பொய்யான கட்டளை மூலம் இரண்டு கோடி டொலரை நம் நாட்டுத் தொண்டு நிறுவனமொன்றின் பெயருக்கே அனுப்பினார்கள். பெயரில் இருந்த எழுத்துப் பிழையால் வங்கிக்குச் சந்தேகம் வந்து பணம் தப்பியது. இன்று பிழையின்றி எழுதிக்கொடுக்கக் கணினியே இருக்கிறது. எழுத்துப் பிழை நம்மைக் காப்பாற்றும் என்று காத்திருக்க முடியாது.

மாவனல்லையிலும் பலாங்கொடையிலும் உள்ள ஜமாஅத்தார்களின் பிள்ளைகள் பலர் வளைகுடா நாடுகளில் இருக்கிறார்கள். ஊரிலிருந்து ஸகாத்துக்கும் கட்டட நிதிக்கும் வரும் வேண்டுகோளை அவர்கள் கைத்தொலைபேசியில்தான் பார்க்கிறார்கள். அந்தப் பணம் திருடன் கைக்குப் போனால் நஷ்டம் கொடுத்தவருக்கு மட்டுமல்ல, பட்டியலில் பெயர் இருக்கும் விதவைக்கும்தான்.

எனவே பரிபாலன சபைகள் மூன்று விடயங்களை இப்போதே தீர்மானிக்க வேண்டும். இமாமோ நிர்வாகியோ தனிப்பட்ட மின்னஞ்சலிலும் வட்ஸ்அப்பிலும் பணம் கேட்கமாட்டார் என்று ஜும்ஆவில் இமாமே அறிவிக்க வேண்டும். பள்ளிவாசலின் வங்கிக் கணக்கு இலக்கம் அறிவித்தல் பலகையில் நிரந்தரமாக இருக்க வேண்டும். கணக்கு மாறிவிட்டது என்று யார் எழுதினாலும், முன்பே நம்மிடமுள்ள தொலைபேசி இலக்கத்துக்கு அழைத்துக் கேட்டு, இரண்டு நிர்வாகிகள் கையொப்பமிட்ட பிறகே பணம் போக வேண்டும். அந்த மின்னஞ்சலில் இருக்கும் இலக்கத்துக்கு அழைத்தால் திருடனே பதில் சொல்வான்.

"அவசரம்", "கூட்டத்தில் இருக்கிறேன், அழைக்க வேண்டாம்", "யாருக்கும் சொல்லாதீர்கள்" என்று வந்தால் அங்கேயே நிறுத்துங்கள். பணம் போய்விட்டதென்றால் வெட்கப்பட்டு மறைக்காமல் உடனே வங்கிக்கும், 101 மூலம் கணினி அவசரப் பிரிவான சேர்ட் நிறுவனத்துக்கும் சொல்லுங்கள்.

வந்த செய்தியைத் தீர விசாரிக்கும்படி ஸூரா ஹுஜுராத்தின் 6ஆம் வசனம் நமக்குக் கட்டளையிடுகிறது. இமாமுக்கு அழைத்து "நீங்கள்தான் கேட்டீர்களா?" என்று விசாரிப்பது மரியாதைக் குறைவல்ல. அவரது பெயரைக் காப்பாற்றும் வழியும் அதுதான்.