குரல் வாக்கெடுப்பும் டேங்க் ஃபேக்டரியும்

லண்டனில் பிறந்து வளர்ந்த என் அண்ணன் பேத்தி விடுமுறைக்குக் கோவில்பதாகை வந்திருந்தாள். “தாத்தா, உங்க பார்லிமென்ட்டும் எங்களோடதும் ஒண்ணுதானே?” என்றாள். பாதி ஒன்றுதான். சபாநாயகர், கேள்வி நேரம், ‘ஆம்’, ‘இல்லை’ என்று குரல் கொடுப்பது எல்லாம் அங்கிருந்து வந்தவை. மீதிப் பாதியைச் சொல்ல டேங்க் ஃபேக்டரியைத் துணைக்கு அழைத்துக்கொண்டேன். ஆவடி கனரக வாகனத் தொழிற்சாலைக்கு எங்கள் பக்கத்தில் அதுதான் பெயர்.

2021 ஜூன் 16 அன்று, நாட்டின் 41 படைக்கலத் தொழிற்சாலைகளை ஏழு கம்பெனிகளாகப் பிரிக்க மத்திய அமைச்சரவை முடிவெடுத்தது. தொழிற்சங்கங்கள் வேலைநிறுத்தம் என்றன. ஜூன் 30 அன்று அதற்குத் தடை போட்டு அவசரச் சட்டம் வந்தது. நாடாளுமன்றம் கூடாத நாட்களில் இப்படிச் சட்டம் பிறப்பிக்க அரசியல் சட்டத்தின் 123ஆவது பிரிவு இடம் தருகிறது. ஆனால் அடுத்த கூட்டத்தொடருக்கு இருந்த இடைவெளி 19 நாள்தான்!

ஜூலை 22 அன்று மசோதா தாக்கலானது. ஆகஸ்ட் 3 அன்று, பெகாசஸ் உளவு மென்பொருள் விவகார அமளிக்கு நடுவே, மக்களவை அதைச் சில நிமிடங்களில் குரல் வாக்கெடுப்பில் நிறைவேற்றியது. இரண்டு நாளில் மாநிலங்களவையும் முடித்தது. தடையை மீறி வேலைநிறுத்தம் செய்தால் ஓராண்டு வரை சிறை, அல்லது பத்தாயிரம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும் என்றது அந்தச் சட்டம். அந்தக் கூட்டத்தொடரில் 96 மணி நேரம் நடக்க வேண்டிய மக்களவை 21 மணி 14 நிமிடமே நடந்தது. மசோதாக்கள் மட்டும் 20 நிறைவேறின.

கம்பெனியாக்கியது சரியா தவறா என்பது வேறு வழக்கு. என் புகார் அந்தச் சட்டம் வந்த வழியைப் பற்றியது. வெஸ்ட்மின்ஸ்டரில் மசோதாவின் ஒவ்வொரு பிரிவையும் புரட்டிப் பார்க்கும் குழுக் கட்டம் உண்டு. நம்மிடமும் துறைவாரியாக 24 நிலைக்குழுக்கள் இருக்கின்றன. அனுப்பினால் உண்டு, அனுப்பாவிட்டால் இல்லை. 15ஆவது மக்களவையில் 71 சதவீத மசோதாக்கள் குழுக்களுக்குப் போயின. 17ஆவது மக்களவையில் 16 சதவீதம்.

கட்சியை மீறினால் என்ன ஆகும் என்று கேட்டாள். 2019 செப்டம்பரில் 21 கன்சர்வேட்டிவ் உறுப்பினர்கள் போரிஸ் ஜான்சனை எதிர்த்து வாக்களித்தார்கள். கட்சி அவர்களை வெளியே தள்ளியது, ஆனால் எம்.பி. பதவி போகவில்லை. இங்கே 1985இல் வந்த பத்தாவது அட்டவணைப்படி, கொறடா உத்தரவை மீறினால் பதவியே போகலாம். கட்சித் தாவலுக்கு வைத்த பூட்டு மனசாட்சிக்கும் சேர்த்து விழுந்துவிட்டது.

2021 அக்டோபர் 1 அன்று டேங்க் ஃபேக்டரி புதிய கம்பெனியின் கீழ் போனது. அதன் தலைமையகமும் ஆவடியிலேயே இருக்கிறது.

எல்லாம் கேட்டுவிட்டு அவள் கடைசியாக ஒன்று கேட்டாள்: “அன்னைக்கு உங்க எம்.பி. எந்தப் பக்கம் ஓட்டுப் போட்டார்?”

ஆவடி அடங்கிய திருவள்ளூர்த் தொகுதிக்கு மட்டுமல்ல, நாட்டில் எந்தத் தொகுதிக்கும் அவைக் குறிப்பில் அதற்கு விடை கிடையாது. குரல் வாக்கெடுப்பில் பெயர் பதிவாவதில்லை.