பறவை என்றால் பறக்கத்தானே செய்யும்?

கடற்கரைப் பறவைகளைப் படம் பிடிப்பவர்களில் சிலரோடு எனக்கு ஒரு சண்டை உண்டு. மணலில் நிம்மதியாக நிற்கும் கூட்டத்தை நோக்கி ஓடுகிறார்கள், கை தட்டுகிறார்கள், டிரோனைத் தாழப் பறக்க விடுகிறார்கள். நூறு பறவைகள் ஒன்றாக எழும்பும் நொடி படத்தில் அழகாகத்தான் விழும். ஆனால், அதற்கு விலை கொடுப்பது பறவை. எவ்வளவு விலை என்று நம் அறிவியல் பாடத்தைக் கொண்டே பார்க்கலாம்.

சென்ற மார்ச்சில் நண்பர்கள் நால்வர் ஒரே காரில் கோலத் திரெங்கானுவிலிருந்து வடக்கே, கடலை ஒட்டிய சாலையில், செத்தியு, பெனாரிக் வழியாகக் கோல பெசுட் வரை போனோம். வடகிழக்குப் பருவக்காற்று ஓயும் காலம் என்று பெயர்தான். கார்க் கதவைத் திறந்தால் காற்று அதைப் பிடுங்கியது. தொலைநோக்கியைத் துடைத்து வைத்தால் சற்று நேரத்தில் மறுபடி உப்புப் படிந்தது. ஆள் நடமாட்டம் இல்லாத மணல், சவுக்கு மரங்கள், இரைச்சல்.

அங்கே, பின்வாங்கும் அலையைத் துரத்திக்கொண்டு ஓடி, ஈர மணலைக் கொத்தி, அடுத்த அலை வருவதற்குள் திரும்பி ஓடிவரும் வெளிறிய சிறு பறவைகளைப் பார்த்தோம். சாண்டர்லிங். தமிழில் இதற்குத் திரை உள்ளான் என்று பெயர். திரை என்றால் அலை; இதைவிடப் பொருத்தமான பெயர் கிடைக்காது. எடை ஏறக்குறைய ஒரு கோழி முட்டை அளவுதான். ஆனால் குஞ்சு பொரிப்பது ஆர்க்டிக் பகுதியில்.

வரைபடத்தை எடுத்துப் பாருங்கள். செத்தியு ஏறக்குறைய 5.5 பாகை வட அகலாங்கில் இருக்கிறது. சைபீரியாவின் லேனா ஆற்றுக் கழிமுகம் ஏறக்குறைய 73 பாகையில். ஒரு பாகைக்கு 111 கிலோமீட்டர் என்றால், வடக்கு நோக்கி மட்டும் 7,400 கிலோமீட்டருக்கு மேல்! இதற்கான எரிபொருள் உடலில் சேர்த்துவைத்த கொழுப்பு. ஒரு கிராம் கொழுப்பு, ஒரு கிராம் மாவுச்சத்தைப் போல இரண்டு மடங்குக்கும் மேல் ஆற்றல் தரும் என்று படித்திருப்பீர்கள். மார்ச், ஏப்ரலில் இந்தப் பறவைகள் செய்யும் ஒரே வேலை அந்தக் கொழுப்பைச் சேர்ப்பதுதான்.

இப்போது ஒருவர் ஓடிப்போய்க் கூட்டத்தை எழுப்புகிறார். பறப்பதற்கு, சும்மா நிற்பதைப் போலப் பல மடங்கு ஆற்றல் செலவாகும். இது முதல் நட்டம். மறுபடி இறங்கி, பயம் தெளியும்வரை பறவை சாப்பிடுவதில்லை. அதற்குள் கடல் ஏறிவிட்டால், இரை இருக்கும் ஈர மணல் தண்ணீருக்குள் போய்விடும். இது இரண்டாவது.

"ஒரு தடவை எழும்பினா என்னடா? பறவைன்னா பறக்கத்தானே செய்யும்?" என்றான் பெரிய லென்ஸோடு வந்த நண்பன். நியாயமான கேள்விதான். ஒரு தடவை என்றால் ஒன்றும் ஆகாது. ஆனால் நாங்கள் உட்கார்ந்திருந்த இரண்டு மணி நேரத்தில் அதே கூட்டம் ஐந்து முறை எழும்பியது: இரண்டு முறை நாய், ஒரு முறை பருந்து, இரண்டு முறை மனிதர்கள். நாயிடமும் பருந்திடமும் பேச முடியாது.

இன்னும் ஒரு பறவைக்கு ஆபத்து அதிகம். மலேசியாவின் பெயரையே தாங்கிய சிறிய உப்புக்கொத்தி அது. ஆணுக்குக் கழுத்தில் கறுப்புப் பட்டை, பெண்ணுக்குச் செம்பழுப்பு. எங்கும் வலசை போவதில்லை. வெறும் மணலில் ஒரு சிறு குழிதான் அதன் கூடு. முட்டையும் மணல் நிறத்தில் புள்ளி போட்டிருக்கும். தாய் எழுந்து ஓடிவிட்டால் நண்பகல் வெயில் முட்டை மேல் நேராக விழும். அந்த மணலில் ஒரு நான்கு சக்கர இயக்க வண்டி, வெறும் வேடிக்கைக்காக, வட்டமடித்துவிட்டுப் போனதைப் பார்த்தோம். ஓட்டியவருக்குக் கூடு இருக்கலாம் என்றே தெரிந்திருக்காது. அந்த ஜோடி எந்தக் கடற்கரையில் இருக்கிறது என்பதை மட்டும் இங்கே எழுதமாட்டேன். நீங்களும் கூட்டைக் கண்டால் இடத்தைக் கைப்பேசியில் பகிராதீர்கள்.

அப்படியானால் மாணவர்களைக் கடற்கரைக்கே அழைத்துப் போகக் கூடாது என்று சொல்லும் ஆசிரியர்களும் உண்டு. எனக்கு அதில் உடன்பாடு இல்லை. படிவம் மூன்று மாணவன் ஒருவன் இந்தப் பறவையை ஒரு முறை பார்த்திருந்தால், நாளை வண்டியோடு மணலில் இறங்கும்போது கொஞ்சமாவது யோசிப்பான். போகத்தான் வேண்டும், போகும் முறைதான் வேறு.

கடல் ஏறும் நேரத்தை முதலில் பாருங்கள். அப்போது தண்ணீரே பறவைகளை மேலே தள்ளிக் கொண்டுவரும், நாம் துரத்த வேண்டியதில்லை. காருக்குள்ளிருந்து பார்த்தால் அவை அவ்வளவாகப் பயப்படுவதில்லை. எல்லாம் காற்றை எதிர்நோக்கி நிற்பதைக் கவனியுங்கள்: காற்று பின்னாலிருந்து வந்தால் இறகு கலைந்து உடல் சூடு போய்விடும், விமானத்தைப் போல, எதிர்க்காற்றில் எழும்புவதும் எளிது. கொத்துவதை நிறுத்திவிட்டுத் தலையைத் தூக்கினால், நீங்கள் ஏற்கெனவே நெருங்கிவிட்டீர்கள் என்று பொருள். இரண்டடி பின்னால் போங்கள்.

லென்ஸ் நண்பன் இரண்டாம் நாள் மாலை, எங்கள் நச்சரிப்புத் தாங்காமல், மணலில் குப்புறப் படுத்துவிட்டான். முக்கால் மணி நேரம் அசையவில்லை. காது முழுக்க மணல். கடல் ஏற ஏற, திரை உள்ளான்கள் தாமாகவே அவனை நோக்கி வந்தன. ஒன்று இரண்டு மீட்டர் தூரத்தில் நின்று கொத்திக்கொண்டிருந்தது. அவனுடைய பெரிய லென்ஸுக்கு அது மிகவும் கிட்டத்தில் இருந்ததால் ஃபோகஸ் ஆகவில்லை.