வயருக்குள் ஒளிந்திருக்கும் மோசடி

2022 ஆம் ஆண்டு மார்ச் மாத இறுதியில் ஒரு நாளைக்கு 13 மணித்தியாலம் மின்வெட்டு அமுலில் இருந்ததை யாரும் மறந்திருக்க மாட்டார்கள். கையில் தூக்கிச் செல்லும் 'பவர் ஸ்டேஷன்' என்ற பற்றரிப் பெட்டிகளை நம்மவர் பலர் அந்த நாட்களில்தான் அறிந்து கொண்டார்கள். இன்று இரவுக் கொத்துக் கடைக்காரர், கலியாண வீட்டுப் படப்பிடிப்பாளர், திறந்தவெளியில் பயான் நடத்துபவர் எனப் பலரும் இதனைப் பாவிக்கின்றனர். வெளியில் கொண்டு திரியும் சாமான் என்பதால் முதலில் பழுதாவது அதன் சார்ஜிங் வயர்தான். மடிந்து உடையும், மழையில் நனையும், அல்லது காணாமல் போகும். அதன் பிறகு பாவனையாளர் நம்மிடம் வருகிறார்.

நாம் என்ன செய்கிறோம்? "கம்பியூட்டர் வயர்தானே, இது சரிவரும்" என்று தொங்குவதில் ஒன்றைக் கழற்றிக் கொடுக்கிறோம். பல பெட்டிகளுக்கு அது பொருந்தும் என்பது உண்மைதான். ஆனால் துளை பொருந்துவது வேறு, வேலைக்குப் பொருந்துவது வேறு. கம்பியூட்டர் திரை ஒன்று இழுப்பது ஐம்பது வொட் கூட இருக்காது. வேகமாகச் சார்ஜ் ஆகும் பெட்டியோ 1,150 வொட் வரை இழுக்கும். நமது 230 வோல்ட் மின்சாரத்தில் அது 5 அம்பியர். அதுவும் ஒரு மணித்தியாலம் விடாமல். இதற்கு 10 அம்பியர் என அச்சிட்ட, உள்ளே ஒவ்வொரு கம்பியும் குறைந்தது 0.75 சதுர மில்லிமீற்றர் தடிப்புள்ள நல்ல செப்பு வயர் வேண்டும். அதைவிடப் பெரிய பெட்டிகளுக்கு 16 அம்பியர் வயரே வேறு. அதன் தலையும் பெரிது.

மலிவு வயர் பலவற்றில் இருப்பது செப்பு அல்ல, செப்பு பூசிய அலுமினியம். வெட்டிச் சுரண்டினால் உள்ளே வெள்ளை தெரியும். கையில் தூக்கினாலும் பாரம் குறைவு. அதே தடிப்பில் அது செப்பை விட ஒன்றரை மடங்கு மின்தடை கொண்டது. சூடும் அந்த அளவுக்கு ஏறும். 13 அம்பியர் பிளக்கில் பியூஸ் இருக்கிறதே என்று ஆறுதல் கொள்ள முடியாது. 5 அம்பியருக்கு அந்தப் பியூஸ் போகாது. தரமற்ற வயர்தான் சூடாகி இளகும். அதுவும் வீட்டார் தூங்கும் நேரத்தில், ஏனென்றால் பகலில் பெட்டி கடையில், இரவில்தான் சார்ஜில்.

சூரிய ஒளித் தகடு வயரும், வாகனத்தில் சார்ஜ் செய்யும் வயரும் இன்னும் கவனம் தேவைப்படுபவை. 12 வோல்ட்டில் 96 வொட் எடுத்தாலே 8 அம்பியர் ஓடும். நேர், எதிர் முனைகள் மாறிய வயரும் சந்தையில் உண்டு. மீற்றர் வைத்துப் பார்க்காமல் அதனை விற்பது பெட்டியின் உயிரோடு விளையாடுவதாகும்.

நபி (ஸல்) அவர்கள் சந்தையில் தானியக் குவியலுக்குள் கையை விட்டபோது உள்ளே ஈரம் பட்டதும், நனைந்ததை மக்கள் பார்க்க மேலே வைத்திருக்கக் கூடாதா என்று வியாபாரியைக் கேட்டதும் நாம் ஜும்ஆவில் பலமுறை கேட்ட ஹதீஸ். மேலே செப்பு, உள்ளே அலுமினியம் என்றால் இதற்கும் அந்த ஈரத் தானியத்துக்கும் என்ன வித்தியாசம்?

"வாடிக்கையாளர்தான் மலிவாகக் கேட்கிறார்" என்பார்கள். கேட்கட்டும். மலிவானதைத் தெரிவது அவரது உரிமை. மறைப்பதற்கு நமக்கு உரிமை இல்லை. மொத்த வியாபாரியிடம் எடுக்கும்போதே ஒவ்வொரு கட்டிலும் ஒரு வயரை வெட்டிப் பாருங்கள். நட்டம் ஒரு வயரின் விலைதான். வெட்டிய துண்டை மேசையிலேயே வையுங்கள், பாவனையாளரும் பார்க்கட்டும். பெட்டியின் பின்புறம் எழுதியுள்ள வோல்ட், அம்பியர் அளவை அவரிடம் கேட்டு, கொடுத்த வயரின் அளவையும் 'செப்பு' என்ற சொல்லையும் பில்லில் எழுதிக் கொடுங்கள். எழுதத் தயங்கும் வயர் என்றால் அதனை அடுத்த முறை எடுக்காமல் விடுங்கள்.