எட்ஜ்கூம்பில் கரையொதுங்கியவள் யார்?

காணாமல் போன ஒரு பெண். வாய் திறக்காத, மர்மமான ஒரு ஆண். கடலோரத்தில் பெரிய மாளிகை, யாரும் நுழையக் கூடாத அறை. காதலையும் மர்மத்தையும் கலந்து எழுதுகிறவர்களுக்கு இன்றுவரை இதுதான் சரக்கு. இந்தச் சரக்கை இவ்வளவு பிரபலமாக்கியதில் டாஃப்னே டு மோரியே 1938இல் எழுதிய 'ரெபெக்கா'வுக்குப் பெரிய பங்கு உண்டு. ஹிட்ச்காக் அதை 1940இல் படமாக்கினார், அந்தப் படம் சிறந்த படத்துக்கான ஆஸ்கர் விருது வாங்கியது. இந்தியில் 1964இல் 'கோஹ்ரா' என்று வந்தது. 2020இல் நெட்ஃபிளிக்ஸ் மறுபடியும் எடுத்தது. எண்பது ஆண்டுகளுக்கு மேல் வாசகர்கள் விடாமல் காதலிக்கிற கதை.

நாவலின் முடிச்சை அவிழ்த்துதான் பேசப்போகிறேன். இனிமேல்தான் படிக்க வேண்டும் என்று வைத்திருக்கும் தோழர்கள் படித்துவிட்டு வாருங்கள். நல்ல நாவல், சந்தேகமே வேண்டாம்.

கதை சொல்லும் பெண்ணுக்கு இருபது வயதுக்குக் கொஞ்சம் மேல் இருக்கும். பெற்றோர் இல்லை. பணக்கார அமெரிக்கப் பெண்மணி ஒருத்திக்குச் சம்பளத்துக்குத் துணையாக இருக்கிறாள். மாண்டி கார்லோ ஓட்டலில் மாக்சிம் டி விண்டரைப் பார்க்கிறாள். அவனுக்கு வயது நாற்பதைத் தாண்டிவிட்டது. மனைவியை இழந்தவன். கார்ன்வால் கடற்கரையில் மேண்டர்லி என்ற மாளிகையின் சொந்தக்காரன். இரண்டு மூன்று வாரத்தில் கல்யாணம் முடிந்துவிடுகிறது. மேண்டர்லிக்குப் போனால் அங்கே எங்கே திரும்பினாலும் முதல் மனைவி ரெபெக்கா. படகோடு கடலில் மூழ்கிப் போனவள்.

கடைசிவரை கதை சொல்லும் பெண்ணின் பெயர் நமக்குத் தெரியாது. எல்லா விமர்சகர்களும் இதைக் கவனித்து எழுதியிருக்கிறார்கள். நான் பேச வருவது வேறு விஷயம்.

முதலில் இந்த 'மர்ம மனிதன்'. மாக்சிமிடம் அப்படி என்ன மர்மம் இருக்கிறது? அவன் யார், எந்த வம்சம், சொத்து எவ்வளவு என்பதெல்லாம் ஓட்டலில் எல்லோருக்கும் தெரியும். கதை சொல்லும் பெண்ணே சின்ன வயதில் மேண்டர்லி படம் போட்ட தபால் அட்டை ஒன்றைக் காசு கொடுத்து வாங்கியவள்தான். மாளிகை அத்தனை பிரபலம். அவன் மனதுக்குள் என்ன இருக்கிறது என்பது மட்டும்தான் தெரியாது. இந்த வகை நாவல்களில் வரும் அந்நியன் எப்போதும் இப்படித்தான். முகவரி தெரிந்த அந்நியன். சொத்துள்ளவன் பேசாமல் இருந்தால் அது மர்மம், கவர்ச்சி. இல்லாதவன் பேசாமல் இருந்தால் போலீசுக்குச் சந்தேக கேஸ். அதே நாவலில் கடற்கரையில் சிப்பி பொறுக்கித் திரியும் பென் என்ற மனிதனைப் பாருங்கள். மனவளர்ச்சி குன்றியவன். அவனும் அதிகம் பேசுவதில்லை, அவனுக்கும் ஒரு ரகசியம் தெரியும். ஆனால் அவனை யாரும் மர்ம மனிதன் என்று சொல்லவில்லை.

இப்போது கொலைக்கு வருவோம். ரெபெக்கா கடலில் மூழ்கிச் சாகவில்லை. மாக்சிம் அவளைச் சுட்டுக் கொன்றான். உடலை அவளுடைய படகிலேயே போட்டு, கடலுக்குள் கொண்டுபோய், படகில் ஓட்டை போட்டு மூழ்கடித்தான். ஏன் கொன்றான்? பொறாமையில் கொன்றான் என்று பலர் மேலோட்டமாகச் சொல்லிவிட்டுப் போவார்கள். நாவலில் அப்படி இல்லை. ரெபெக்காவுக்கு வேறு ஆண்களோடு உறவு இருப்பது கல்யாணமான ஐந்தாவது நாளே அவனுக்குத் தெரிந்துவிட்டது. விவாகரத்து என்று போனால் குடும்பப் பெயர் சந்தி சிரிக்கும். அதனால் இரண்டு பேரும் ஓர் ஒப்பந்தத்துக்கு வருகிறார்கள். அவள் மேண்டர்லியை ஊர் மெச்சும்படி நடத்துவாள், அவன் கண்டுகொள்ள மாட்டான். இப்படியே காலம் ஓடுகிறது. அவளுடைய உறவுகளை அவன் சகித்துக்கொண்டான். அதற்காகத் துப்பாக்கியை எடுக்கவில்லை.

எடுத்தது எப்போது? எனக்கு ஒரு குழந்தை பிறந்தால் அது உன்னுடையது இல்லை என்று உன்னால் நிரூபிக்க முடியாது, அது உன் பெயரோடு மேண்டர்லியில் வளரும், உனக்குப் பிறகு மேண்டர்லி அதற்குத்தான் என்ற அர்த்தத்தில் அவள் சொன்னபோது. அப்போதுதான் சுட்டான்.

இதை நாம் பெயர் சொல்லி அழைக்க வேண்டும். இது ஆணவக் கொலை. இரத்தமும் சொத்தும் வம்சப் பெயரும் கலப்படமாகிவிடும் என்ற பயத்தில் செய்த கொலை. இங்கிலாந்தில் சாதி இல்லை, வர்க்கம்தான் என்று ஒரு தோழர் உடனே குறுக்கிடுவார். சரிதான். மாக்சிமுக்கும் ஒரு சாதிவெறியனுக்கும் நடுவே ஒரு சமூக அமைப்பே வித்தியாசமாக நிற்கிறது. நான் இரண்டையும் ஒன்றாக்கவில்லை. ஆனால் பெண்ணின் கருப்பையில்தான் பரம்பரையின் பாதுகாப்பு இருக்கிறது என்ற எண்ணம் இரண்டு இடத்திலும் ஒன்றே. அண்ணல் அம்பேத்கர் 1916 மே 9 அன்று கொலம்பியா பல்கலைக்கழகத்தில் வாசித்த 'இந்தியாவில் சாதிகள்' கட்டுரையில் அகமணத்தைத்தான் சாதியின் உயிர்நாடியாகக் காட்டினார். சதி, கட்டாய விதவைக்கோலம், குழந்தைத் திருமணம் மூன்றையும் பக்திக் கதையாகவோ பழக்கமாகவோ அவர் விடவில்லை. துணையை இழந்தவர் வட்டத்துக்கு வெளியே ஒருவரைத் தேடிக்கொள்வாரோ என்ற பயத்துக்கு அந்தச் சமூகம் கண்டுபிடித்த வழிகள் என்று விளக்கினார். அப்போது அவருக்கு வயது இருபத்தைந்து. 'பெண் ஏன் அடிமையானாள்?' நூலில் கற்பு, பிள்ளைப்பேறு, சொத்து என்று பெரியார் ஒன்றோடொன்றைக் கோத்துக் காட்டியதும் இந்த முடிச்சைத்தான். இவர்கள் இருவரையும் படித்த கண்ணோடு 'ரெபெக்கா'வைப் படித்தால் அந்தப் படகு வீட்டில் நடந்தது என்ன என்பதில் ஒரு மர்மமும் இல்லை.

ஆனால் நாவல் நம்மை எங்கே கொண்டுபோய் நிறுத்துகிறது? கொன்றவனின் பக்கத்தில். கணவன் தன் வாயால் கொலையை ஒப்புக்கொள்கிறான். கேட்டுக்கொண்டிருக்கும் இரண்டாவது மனைவிக்கு முதலில் வருவது பயம் இல்லை, மகிழ்ச்சி. இவன் ரெபெக்காவைக் காதலிக்கவே இல்லையே என்ற மகிழ்ச்சி! அந்தக் கணத்திலிருந்து வாசகர்களாகிய நாமும் மாக்சிம் மாட்டிக்கொள்ளக் கூடாதே என்று விரலைக் கடித்துக்கொண்டு பக்கம் புரட்டுகிறோம். டு மோரியேவின் திறமை அங்கேதான் இருக்கிறது, ஆபத்தும் அங்கேதான். ரெபெக்கா கெட்டவள் என்று நமக்குச் சொல்வது யார்? அவளைக் கொன்றவன். அவள் தரப்பைச் சொல்ல அவள் உயிரோடு இல்லை.

கொலையைத் தெரிந்துகொண்ட மறுநாள் அந்த இளம் மனைவி என்ன செய்கிறாள் என்பதையும் கவனியுங்கள். இத்தனை நாள் வேலைக்காரர்களைப் பார்த்தே நடுங்கியவள், வீட்டை நிர்வகிக்கும் திருமதி டான்வர்ஸிடம் சாப்பாட்டுப் பட்டியலை மாற்றச் சொல்லி, இந்த வீட்டின் எஜமானி இப்போது நான்தான் என்று அதட்டுகிறாள். நேற்றுவரை சம்பளத்துக்கு இருந்தவள் அவள். குடும்பத்தின் இரத்தக் கறையில் பங்கு வாங்கிக்கொண்டதும் குடும்பத்தில் இடம் கிடைத்துவிட்டது. அந்த அதிகாரம் முதலில் இறங்குவது கூலிக்கு இருப்பவர்கள் தலையில். இந்த இரண்டு பக்கத்துக்காகவே நாவலை ஆயிரம் பேருக்குப் பரிந்துரைக்கலாம் என்பேன்.

விசாரணை வருகிறது. படகு கட்டும் டாப் என்ற தொழிலாளி, ஓட்டைகள் உள்ளேயிருந்து போடப்பட்டவை என்று துல்லியமாகச் சொல்கிறான். தீர்ப்பு தற்கொலை என்று வருகிறது. ரெபெக்காவின் உறவுக்காரன் ஃபாவெல் அதை ஏற்காமல் கேள்வி கேட்கிறான். நாவலில் அவளுக்காகக் கேள்வி கேட்கும் ஆண் அவன் ஒருவன்தான். அவனையோ குடிகாரனாக, பணம் பறிக்கிறவனாக, பார்த்தாலே அருவருப்பாக எழுதியிருக்கிறார் டு மோரியே. நியாயம் கேட்கும் வாயை நாறும் வாயாக்கிவிட்டால் நியாயமும் நாறும். நேரில் பார்த்த சாட்சி பென்னை அழைத்து வருகிறார்கள். அவன் நடுங்கிக்கொண்டு எதையும் பார்க்கவில்லை என்கிறான். பைத்தியக்கார விடுதிக்கு அனுப்பிவிடுவார்களோ என்பது அவன் பயம். நீதிபதி கர்னல் ஜூலியன் மேண்டர்லியில் விருந்து சாப்பிடும் நண்பர். உண்மை அவருக்கு அரைகுறையாகவாவது புரிந்திருக்கும் என்று நாவலே உணர்த்துகிறது. அவர் வாயை மூடிக்கொள்கிறார். கடைசியில் ஒரு லண்டன் டாக்டர் மூலம் ரெபெக்காவுக்குப் புற்றுநோய் இருந்ததும், அவளுக்குக் குழந்தையே பிறக்க வாய்ப்பில்லை என்பதும் தெரிகிறது. அவளே சாவைத் தேடி வாங்கிக்கொண்டாள் என்று ஆகிவிடுகிறது. செத்தவள் மேலேயே பழி.

நம் ஊர் வாசகருக்கு இதில் எதுவும் புதிதில்லை. 2003இல் விருத்தாசலம் பக்கம் புதுக்கூரைப்பேட்டையில் கண்ணகியையும் முருகேசனையும் ஊர் பார்க்க நஞ்சு ஊற்றிக் கொன்றார்கள். பட்டியல் சாதியில் பிறந்த பொறியியல் பட்டதாரி அவர். அவளோ ஆதிக்க சாதி ஊராட்சித் தலைவரின் மகள். அவள் எங்கே என்று சொல்ல வைக்க அவரை ஆழ்துளைக் குழிக்குள் இறக்கிச் சித்திரவதை செய்தார்கள். அந்த ஊரில் என்ன நடந்தது என்பதில் யாருக்கும் மர்மம் இருக்கவில்லை. வழக்கைத் திரித்தவர்கள் காக்கிச் சட்டைக்காரர்கள். பதினெட்டு ஆண்டு கழித்து 2021இல்தான் கடலூர் நீதிமன்றம் தண்டனை கொடுத்தது. அதை உச்ச நீதிமன்றம் உறுதி செய்தபோது 2025 ஆகிவிட்டது. ஆனால் ஒரு வித்தியாசம். அங்கே பென்களும் டாப்களும் முழுதாகப் பின்வாங்கவில்லை. முருகேசனின் குடும்பமும் அவர்களுக்காக நின்ற வழக்கறிஞர்களும் விடவே இல்லை.

போன மாதம் எங்கள் வாசிப்பு வட்டத்தில் இந்த நாவலைத்தான் எடுத்துக்கொண்டோம். பதினோரு பேர். வழக்கம்போல மாக்சிம் நல்லவனா கெட்டவனா என்று ஒரு மணி நேரம் ஓடியது. செவிலியர் படிப்பு படிக்கும் ஒரு தோழி அதுவரை எதுவும் பேசவில்லை. எல்லோரும் டீ குடிக்க எழுந்தபோதுதான் கேட்டாள்: "தோழர், அப்ப கல்லறையில மொதல்ல வெச்சாங்களே, அந்தப் பொணம் யாரோடது?"

எல்லோரும் மறுபடி உட்கார்ந்தோம்.

ரெபெக்கா காணாமல் போய் இரண்டு மாதம் கழித்து எட்ஜ்கூம்ப் என்ற இடத்தில் ஒரு பெண்ணின் உடல் கரையொதுங்குகிறது. மாக்சிம் போய்ப் பார்க்கிறான். அது ரெபெக்கா இல்லை என்று அவனைவிட நன்றாகத் தெரிந்தவன் யாரும் இல்லை. இருந்தும் என் மனைவிதான் என்று அடையாளம் சொல்லி, கொண்டுவந்து குடும்பக் கல்லறையில் அடக்கம் செய்கிறான். பின்னால் உண்மையான உடல் படகில் கிடைத்ததும், முதல் தடவை அவன் தவறாக அடையாளம் காட்டியதற்கு எல்லோரும் அவனுக்காகப் பரிதாபப்படுகிறார்கள். பாவம், துக்கத்தில் கண் தெரியவில்லை!

அந்தப் பெண் யார்? நாவல் தேடிப் போகவே இல்லை. கேட்க ஆளில்லாத, யாரும் உரிமை கோராத ஒரு உடல் என்பதோடு மாக்சிம் முடித்துக்கொள்கிறான். அவள் மீனவப் பெண்ணா, யார் வீட்டுச் சமையல்காரியா, எங்கிருந்தாவது ஓடி வந்தவளா? அவளுக்கும் ஓர் அம்மா இருந்திருப்பாள், ஏதோ ஒரு துறைமுக ஊரில் தினமும் போலீஸ் நிலையத்து வாசலில் நின்றிருப்பாள். மகளின் உடல் கிடைத்தது என்பதே அந்த அம்மாவுக்குத் தெரிந்திருக்காது. பிரபு வீட்டுப் பெயர் பொறித்த கல்லுக்குக் கீழே அல்லவா அது கிடந்தது. மாக்சிம் செய்தது இரண்டு குற்றம். ஒருத்தியைக் கொன்றான். இன்னொருத்தியின் சாவைத் திருடிக்கொண்டான். முதலாவதைப் பற்றி ஆளாளுக்குப் பேசுகிறோம்.

இது வெறும் கதைதானே, ரசித்துவிட்டுப் போகக் கூடாதா என்று கேட்பவர்கள் எங்கள் வட்டத்திலும் உண்டு. ரசியுங்கள். நானும் நான்கு முறை படித்துவிட்டேன், இன்னொரு முறையும் படிப்பேன். டு மோரியேகூட இதைக் காதல் நாவல் என்று அழைப்பதை விரும்பியதில்லை. பொறாமையைப் பற்றிய நாவல் என்றுதான் கருதினார். கடைசியில் மேண்டர்லியை அவர் தீக்கிரையாக்கினார், அந்தத் தம்பதியை நாடு நாடாக ஓட்டல்களில் அலையவிட்டார். அவருக்கு ஏதோ உறுத்தியிருக்கிறது. ஹிட்ச்காக் படத்தில் அந்த உறுத்தல்கூட இல்லை. மனைவியைக் கொன்ற கணவன் தண்டனை இல்லாமல் தப்பக் கூடாது என்று அன்றைய ஹாலிவுட் தணிக்கை விதி சொன்னது. உடனே கொலையை விபத்தாக மாற்றிவிட்டார்கள். ரெபெக்கா தானே தடுக்கி விழுந்து மண்டை உடைந்து செத்தாளாம். கொன்றவனைத் தண்டிப்பதைவிடக் கொலையையே இல்லாமல் செய்வது எளிது பாருங்கள்.

தமிழில் திரில்லர் எழுதும் இளைஞர்கள் இன்று நிறையப் பேர். கிண்டிலில், வெப் சீரிஸில், பாட்காஸ்டில் காணாமல் போன பெண்கள் வாரம் ஒருத்தி வருகிறாள். பெரும்பாலும் அவள் நல்ல வீட்டுப் பெண். தேடுகிறவன் போலீஸ் அதிகாரி, அல்லது தாடி வைத்த மர்மக் காதலன். முதல் அத்தியாயத்தில் ஒரு பெண்ணின் உடல் கிடைக்கும், பார்த்துவிட்டு இது நம்ம பொண்ணு இல்ல என்று பெருமூச்சு விட்டுவிட்டு எல்லோரும் அடுத்த காட்சிக்குப் போய்விடுவார்கள். தினசரிகளின் உள்பக்கத்தில் மூன்று வரியில் வரும் அடையாளம் தெரியாத பெண் சடலச் செய்தியும் அப்படித்தான். சேலை நிறம் இருக்கும், வயது சுமார் என்று போட்டிருக்கும், பிணவறையில் வைக்கப்பட்டுள்ளது என்று முடியும்.

அந்தச் செவிலியர் தோழி இப்போது ஒரு கதை எழுதிக்கொண்டிருக்கிறாள். எட்ஜ்கூம்பில் ஒதுங்கியவளின் தங்கை மேண்டர்லிக்கு வேலைக்காரியாக வந்து சேர்வதில் அது தொடங்குகிறது. பன்னிரண்டு பக்கம் அனுப்பியிருக்கிறாள். தங்கைக்கு ஒரு பெயர் வைத்திருக்கிறாள், அக்காவுக்கும் வைத்திருக்கிறாள். மாக்சிமுக்கு மட்டும் பெயர் இல்லை, 'அய்யா' என்றே போட்டிருக்கிறாள்.