சுரண்டுகிற கூலி

பொங்கல் நெருங்கிவிட்டால் நம் பகுதியில் எல்லா வீட்டிலும் ஒரே பேச்சுதான்: "என்னா கலரு அடிக்கலாம்?" கலர் அட்டையை வைத்துக்கொண்டு குடும்பமே அரை நாள் சண்டை போடும். ஆனால் "சுவரைச் சுரண்ட எத்தனை ஆள், எத்தனை நாள், அதுக்கு என்ன கூலி?" என்று கேட்கிற வீட்டை நான் அதிகம் பார்த்ததில்லை. என் அப்பா இருபது வருஷத்துக்கு மேல் பெயிண்ட் வேலை செய்கிறவர். எங்கள் வீட்டில் பள்ளிக்கூடம் தாண்டிப் படிக்க வந்த முதல் ஆள் நான், அதுவும் சிவில். ஆகவே இதைப் பற்றிப் பேச எனக்குக் கொஞ்சம் உரிமை உண்டு என்றே நினைக்கிறேன்.

ராயபுரத்திலிருந்து எண்ணூர் வரைக்கும் உள்ள சுவர்களை ஒருமுறை உற்றுப் பாருங்கள். கீழே இரண்டு மூன்று அடிக்கு வெள்ளையாய்ப் பூத்து, பெயிண்ட் பொரிந்து, தொட்டால் மாவாக உதிரும். "உப்பு அரிச்சிடுச்சு" என்போம். காரணம் கடல் காற்று மட்டுமல்ல. உவர் தண்ணீரில் கலவை போட்டது, கழுவாத மணல், அஸ்திவாரத்திலிருந்து ஏறுகிற ஓதம் எல்லாம் சேர்ந்த வினை. சுவருக்குள் கரைந்திருக்கிற உப்பு ஈரத்தோடு வெளியே வரும். ஈரம் காற்றில் போய்விடும், உப்பு மட்டும் பெயிண்டுக்கு அடியில் படிகமாகி அதை நெட்டித் தள்ளும். ஐ.எஸ். 456 கலவைத் தண்ணீரில் குளோரைடுக்கு அளவு வைத்திருக்கிறது: கம்பி போட்ட கான்கிரீட்டுக்கு லிட்டருக்கு 500 மில்லிகிராம், கம்பி இல்லாததற்கு 2000. நாம் பரீட்சைக்கு மனப்பாடம் செய்த அதே எண்தான். வீடு கட்டும்போது யார் அளந்தார்கள்?

இப்படிப்பட்ட சுவரில் முதல் வேலை, உப்பைக் காய்ந்த பிரஷ்ஷால் தேய்த்துத் தட்டி அள்ளிவிடுவது. எடுத்த எடுப்பில் தண்ணீர் ஊற்றிக் கழுவினால் உப்பு கரைந்து மறுபடி உள்ளேயே போய்விடும். பிறகு ஓதம் எங்கிருந்து வருகிறது என்று பார்க்க வேண்டும், உதிர்கிற பூச்சைக் கொத்தி எடுத்துப் புதிதாகப் பூச வேண்டும், காய விடவேண்டும். அதன் பின்தான் பிரைமர், பட்டி, உப்புத்தாள் எல்லாம். புதுப் பூச்சு என்றால் குறைந்தது ஒரு மாதமாவது பொறுக்க வேண்டும். சிமெண்டின் காரம் அடங்காமல் எண்ணெய்ப் பெயிண்ட் அடித்தால் அது சோப்பு மாதிரி இளகிப்போகும். அப்பாவுக்குக் காரம் என்ற சொல் தெரியாது. "பச்ச சுவருல அடிக்காத, கலரு நிக்காது" என்பார். இரண்டும் ஒன்றுதான்.

ஆனால் நடப்பது என்ன? "நாலு நாள்ல முடிச்சுக் குடு" என்பார்கள். உப்பு மேலேயே பட்டி பார்த்து, ரெண்டு கோட்டிங் அடித்து, குடிபுகுந்து, அடுத்த மழையில் பெயிண்ட் உரிந்தால் பெயிண்டர் ஏமாற்றிவிட்டான் என்று பேர்.

இப்போது புதிதாக வால்பேப்பர் மோகம் வேறு. ஓதச் சுவரில் பிளாஸ்டிக் தாளை ஒட்டினால் ஈரம் வெளியே போக வழியில்லாமல் பின்னால் கறுப்பாகப் பூஞ்சை பிடிக்கும். அதை எடுக்கிற வேலையும் பெயிண்டர் தலையில்தான். மேல்தாள் இழுத்தால் வந்துவிடும்; அடித்தாளும் பசையும் வராது. வெந்நீரில் நனைத்து, கால் மணி நேரம் ஊற விட்டு, பட்டித் தகட்டால் பொறுமையாக வழிக்க வேண்டும். பசையைக் கழுவாமல் மேலே அடித்தால் பெயிண்ட் வெடிக்கும்.

2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு எண்ணெய் வந்ததை நாம் யாரும் மறக்க முடியாது. எர்ணாவூரிலும் எண்ணூர்க் குப்பங்களிலும் வீட்டுச் சுவரில் தண்ணீர் நின்ற உயரத்துக்குக் கறுப்புப் பட்டை. அரசு 2,301 மீனவக் குடும்பங்களுக்குத் தலா 12,500 ரூபாயும், பாதிக்கப்பட்ட மற்ற 6,700 குடும்பங்களுக்குத் தலா 7,500 ரூபாயும் அறிவித்தது. பாய், பாத்திரம், துணிமணி வாங்கவே அது காணாது. எண்ணெய் குடித்த பூச்சின் மேல் எந்தப் பெயிண்டும் ஒட்டாது. மேலோட்டமாக இருந்தால் சோப்புத்தூள் வெந்நீரில் தேய்த்துப் போக்கலாம், ஊறிவிட்டால் கொத்தி எடுத்துப் பூசுவதைத் தவிர வழியில்லை. நஷ்டக் கணக்கில் சுவரையும் சேர்த்திருக்க வேண்டும் என்பது என் கருத்து.

இன்னொரு விஷயம் தூசி. வீட்டுப் பெயிண்டில் ஈயம் 90 பி.பி.எம். தாண்டக்கூடாது என்ற விதி 2016-ல் போட்டு, 2017 நவம்பர் 1 முதல்தான் அமலுக்கு வந்தது. அமெரிக்காவில் 1978-லேயே வீட்டுப் பெயிண்டில் ஈயத்துக்குத் தடை. அப்படியானால் நம் பழைய வீடுகளின் கதவு, ஜன்னல் கம்பி, கிரில் மேல் இருக்கிற எனாமலில் என்ன இருக்கும் என்று யோசியுங்கள். அதைக் காய்ந்தபடியே உப்புத்தாள் போட்டுத் தேய்த்தால் ஈயத் தூசி மூக்கில். வாயில் கட்டுகிற கர்சீப் அதைத் தடுக்காது. தண்ணீர் தெளித்து ஈரத்தோடு தேய்ப்பது, என்-95 மாஸ்க் போடுவது, தீ வைத்து உரிக்காமல் இருப்பது, வேலை முடியும்வரை குழந்தைகளை அந்தப் பக்கம் விடாதது, இவ்வளவுதான் செய்ய வேண்டியது. "மாஸ்க் போட்டா மூச்சு முட்டுதுடா" என்கிறார் அப்பா. ராத்திரி அவர் இருமுவது எனக்குத்தானே கேட்கிறது?

இதற்கெல்லாம் கூலி எங்கே? மத்தியப் பொதுப்பணித் துறையின் விலைப்பட்டியலில் பழைய வெள்ளையை, டிஸ்டம்பரைச் சுரண்டி உப்புத்தாள் போட்டுச் சமன் செய்வதற்குத் தனி அயிட்டம், தனி விலை இருக்கிறது. அரசாங்கமே தனி வேலை என்று ஒத்துக்கொண்டதை நம் ஊர்க் காண்ட்ராக்டில் "எல்லாம் சேர்த்து சதுர அடிக்கு இவ்வளவு" என்று முழுங்கிவிடுகிறார்கள். சுரண்டுகிறவனைச் சுரண்டுவது என்றால் இதுதான்! நாளைக்கு நம்மில் பாதிப் பேர் சைட் சூப்பர்வைசராகப் போவோம். மெஷர்மென்ட் புத்தகம் நம் கையில் இருக்கும். அந்த ஒரு வரியைத் தனியாக எழுத நமக்கு என்ன தடை?

அப்பாவுக்காகப் போன மாதம் ஒரு வீட்டுக்கு எஸ்டிமேட் எழுதிக் கொடுத்தேன். சுரண்டுதல் தனி, உப்பு எடுத்தல் தனி, மாஸ்க் செலவு தனி. வீட்டுக்காரர் படித்துவிட்டு, "என்னப்பா இது புதுசா இருக்கு" என்றார். விளக்கினேன். மாஸ்க்குக்கு உடனே சரி என்றார், சுரண்டுவதற்குப் பாதி தருகிறேன் என்றார். மீதிப் பாதிக்கு இன்னும் பேசிக்கொண்டிருக்கிறோம்.